மரகதம் அக்கா பங்கு வைத்த மாத்திரைகள்

என் அக்கா காலமான செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் பாண் விற்கிற ஆட்டோக்காரர்.

டிக்கோயாவில் என் ஆட்டோவில் வந்த ஒரு ஹயரை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே பாணும் பன்னும் ஏற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் வண்டியை ஓரம் கட்டி, பாட்டை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணே, அக்கா தவறிட்டாங்களாமே? நீங்க இங்க நிக்கிறீங்க?”

பாட்டை நிறுத்தினாரே, அதற்காக அவரை மரியாதையோடு நினைக்கிறேன். மற்றபடி எனக்கு வந்தது எரிச்சல்தான். என் போனில் சார்ஜ் இல்லை. மகள் பதினொரு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். தோட்டத்துக்கே தெரிந்து, பாண்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது. கூடப்பிறந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால், “ஒனக்கு எதுதான் நேரத்துக்குத் தெரிஞ்சிருக்கு?” என்று கேட்டிருப்பார்.

அந்த நேரம் என் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதை அக்காவின் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் அன்று காலையிலேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. “ஒரு ஹயர் இருக்கு, போயிட்டு வந்து வாசிக்கிறேன்” என்றேன். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். ஆகவே இது அக்காவைப் பற்றிய கட்டுரை மட்டுமல்ல, அந்தத் தாளைப் பற்றியதும்தான்.

இதை எழுதுவதற்கு நான் பொருத்தமான ஆள் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு தடவை உட்கார்ந்து, இரண்டு தடவையும் கணிதத்திடம் தோற்றவன். கொட்டகலை ஸ்டேசன் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் எழுத்துப் பணி வண்டியின் பின்கண்ணாடியில் மகள் தர்ஷினியின் பெயரை எழுதியதோடு முடிந்திருந்தது. அதிலும் ஒரு புள்ளியை விட்டுவிட்டதாக அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு மலர் அடிக்கிறோம், அக்காவைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று தோட்டத்து மாதர் சங்கத்தார் கேட்டபோது, வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். “வேற யாருண்ணே அவங்ககூட இத்தன வருசம் சண்ட போட்டிருக்காங்க?” என்றார்கள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

மரகதம் அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவர். அவர் கொழுந்து எடுக்கிற வேகத்தை அறிந்தவர்கள் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டு கையும் தனித்தனி ஆளுக்குச் சொந்தமானவை போல ஓடும். அப்படிப்பட்டவருக்கு மடுவத்தில் தராசு போடும்போது மட்டும் எப்போதும் தேவையான அளவுக்கு மேலே ஒரு பிடிதான் கூட இருக்கும். நான் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கிற அந்த மடுவத்தில் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தேன். கணிதம் தெரியாத எனக்கே இந்தக் கணக்கு இடித்தது.

ஒரு நாள் மலைக்குப் போய் மறைந்து நின்று பார்த்தேன். விசயம் லேசானது. காய்ச்சல்காரி, பிள்ளைத்தாய்ச்சி, கை மெதுவான புதுப்பிள்ளை என்று யாருடைய கூடை குறைகிறதோ, அதில் அக்கா இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நிறை குறைந்தால் முழுநாள் வேலை செய்தவருக்கும் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். யாருக்கும் அரைப் பேர் விழக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை ஒரு தடவை கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“என்னா மரகதம், ஒன் கொழுந்த அடுத்தவ கூடையில போடுற?”

“எல்லாம் மலையில இருந்து வந்ததுதானுங்களே ஐயா. மடுவத்துக்குத்தானே போகுது. நடுவுல எந்தக் கூடையில ஏறி வந்தா என்னாங்க?”

கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார். நானும் பின்னால் பல தடவை அதே மாதிரி வாயைத் திறந்து மூடியிருக்கிறேன்.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், நேரத்தோடு போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டோம். “ஒன் சத்தத்துக்குள்ள யாரு இருக்கிறது?” என்று சொல்லி லயத்து வரிசையில் தன் ஒற்றை அறைக் காம்பராவிலேயே இருந்துகொண்டார். சத்தம் போடுகிறவன் நான் என்பது அவருடைய கட்சி. என்னைச் சத்தம் போட வைக்கிறவர் அவர் என்பது என்னுடையது.

ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தபோது மார்பில் கட்டி வந்தது. அதை அவர் எனக்குச் சொன்ன விதமே தனி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, “டவுனுக்குப் போற வழியில ஆஸ்பத்திரியில கொஞ்சம் நிறுத்து, ஒரு கட்டி இருக்கு, காட்டிட்டு வந்துர்றேன்” என்றார். காய்கறி வாங்குகிற மாதிரி. கட்டி வந்து எத்தனை நாள் என்று கேட்டேன். “தீவாளிக்கு முந்தி” என்றார். அப்போது தைப்பொங்கல் முடிந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சத்தம் போட்டேன். பின்னால் நின்ற பஸ்காரர் அதைவிடச் சத்தமாக ஹோர்ன் அடித்தார்.

ஆபரேஷன் நடந்தது. வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் கிளினிக்கில் இருந்த டொக்டர் சிங்களப் பெண்மணி. ஓரளவு தமிழ் பேசுவார், மீதியைத் தர்ஷினி எங்களுக்குச் சொல்வாள். அவள் கம்பஸில் உயிரியல் படிக்கிற பிள்ளை. அக்காவின் கட்டியில் ஹோமோன் ஏற்பி இருக்கிறது என்றார்கள். நான் நன்றாகத் தலையாட்டினேன். விளங்காத விசயம் என்றால் எனக்குத் தலை தானாக ஆடும்.

“என்னாப்பா வெளங்குச்சு?” என்று மகள் கேட்டாள்.

“நீ அத்தைக்குச் சொல்லு. அவங்களுக்குத்தான் வெளங்கல.”

மகள் சொன்னாள். உடம்பில் இயற்கையாக ஒரு ஹோமோன் ஊறுகிறது. சில பேருடைய கட்டியில் அதைப் பிடித்து உள்ளே செய்தி சொல்கிற ஏற்பிகள் இருக்கும். அந்தச் செய்தியைக் கேட்டுக் கேட்டுத்தான் கட்டி வளரும். அக்காவுக்குக் கொடுக்கிற மாத்திரை ஹோமோன் ஊறுவதையே குறைத்துவிடும். தினமும் ஒன்று, வருடக்கணக்கில், ஒரு நாளும் விடாமல்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஒரம் போடாம விட்டா செடி அடங்கிரும். அவ்வளவுதானே? இதுக்கா இம்புட்டு நேரம்?” என்றார்.

டொக்டர் சிரித்துவிட்டார். அன்று முதல் அவருக்கு அக்காவைப் பிடித்துப்போனது. என்னைப் பார்த்தால் மட்டும் அவர் எப்போதும் இரண்டு தடவை சொல்வார்.

இனி வருவதுதான் எனக்கு இன்றும் ஆறாத விசயம்.

அக்கா மாத்திரை குடிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு நாள் மாலை மூன்று மணிக்கு, வழக்கத்துக்கு முன்னதாக, அந்த மாத மருந்தைக் கொண்டுபோனேன். இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற நடையில், பக்கத்துக் காம்பராச் செல்வி உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வயது. கணவர் கொழும்பில் கடையில் வேலை. கையில் தேத்தண்ணிக் கோப்பை, நாக்கில் ஒரு மாத்திரை. என்னைக் கண்டதும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார்.

“என்னா மாத்திர அது?” என்றேன்.

“என் மாத்திரதான்,” என்றார் அக்கா, ரொட்டி தட்டிக்கொண்டே. “ஒரு நாளு நானு, ஒரு நாளு அவ.”

“என்னாக்கா சொல்ற?”

“அவளுக்கும் அதே எடத்துல கட்டி. அதே நோவு. எனக்குக் கேக்குது, அவளுக்குக் கேக்காதா?”

“எத்தன நாளா?”

“நாலு மாசம் இருக்கும்.”

“இது என்னா கொழுந்தா, அள்ளி அடுத்தவ கூடையில போடுறதுக்கு!”

“மெதுவாப் பேசு. பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கப் போகுது.”

“பக்கத்துக் காம்பராவே இங்கதானேக்கா ஒக்காந்திருக்கு!”

செல்வி அழத் தொடங்கிவிட்டார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், ஆம்பளை டொக்டராக இருந்தால் எப்படிக் காட்டுவது என்று அவருக்கு ஆயிரம் யோசனை. எல்லாவற்றையும் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அக்காவும், பாவம், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் உதவியிருக்கிறார். கூடை குறைகிறது, அள்ளிப் போடு. இந்த உலகத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் மாத்திரையைப் பேர் போடுகிற மாதிரிப் பங்கு வைக்கத் தோன்றுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்துக்காரருக்கு மட்டும்தான் தோன்றும் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலை இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றினேன். டொக்டர் விசயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். செல்வியின் கட்டியில் ஊசி போட்டுத் துண்டெடுத்து அனுப்பினார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. செல்வியின் கட்டியில் ஹோமோன் ஏற்பி இல்லை. அந்த மாத்திரை அவருக்கு வெறும் தண்ணீர் குடித்த மாதிரி.

“ரெண்டும் ஒரே நோவுதானே டொக்டர்?” என்று அக்கா கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“பேர் ஒண்ணு அம்மா. உள்ள வேற,” என்றார் டொக்டர்.

அக்கா தரையைப் பார்த்துச் சொன்னார்: “வெதத் தேயில மாதிரி.”

டொக்டருக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கினார். இப்போது வைக்கிற கன்றெல்லாம் ஒரே தாய்ச்செடியில் வெட்டி வளர்த்தவை. ஒன்று போலத்தான் மற்றது. பழைய மலையில் இருப்பதோ விதை போட்டு முளைத்த தேயிலை. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. கிட்டப் போனால் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒன்று உரத்தை இழுக்கும், பக்கத்துச் செடி திரும்பியும் பார்க்காது. “முப்பது வருசம் அந்த மலையிலதான் நின்னேன். இது தெரியாமப் போச்சே எனக்கு,” என்றார்.

திரும்பி வரும்போது இருவரும் பின்சீட்டில் இருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அக்கா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன்னோட நாலு மாசத்த நான் தின்னுட்டேன்டி” என்றார். செல்வி, “இல்லக்கா, நீங்க இல்லாட்டி நான் ஆருகிட்டயும் சொல்லியே இருக்க மாட்டேன்” என்றார். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், கியரை மாற்றினேன்.

செல்விக்குக் கீமோ மருந்து ஏற்றினார்கள், ஆபரேஷன் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா கூடவே போனார். செல்வியின் முடி கொட்டியபோது, மலையில் தலையில் கட்டுகிற தன்னுடைய சிவப்புத் துணியைக் கொடுத்து, “இதுக்குள்ள மொட்டையா முடியான்னு எவளுக்குத் தெரியும்?” என்றார். தன்னுடைய மாத்திரையை அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. என் முன்னால்தான் விழுங்குவார். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார், என்னை வெறுப்பேற்ற.

செல்வி தேறினார். மறுபடியும் கூடை மாட்டினார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு இடுப்பு வலி வந்தது. ஸ்கேன் எடுத்ததில் நோய் எலும்புக்குப் போயிருந்தது. அந்த ரிப்போர்ட்டோடு காம்பராவுக்குத் திரும்பிய அன்று நான் செய்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். செல்வி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். அக்கா அவரிடம், “ஒண்ணுமில்லடி, எலும்புல கொஞ்சம் கோளாறாம்” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒண்ணுமில்லையா? நாலு மாசம் பாதி மாத்திரைய அள்ளிக் குடுத்தியே, அதுதான் திரும்பி வந்திருக்கு! குடுத்தவ படுத்துட்டா, வாங்கித் தின்னவ நல்லா இருக்கா!”

செல்வி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் இல்லாத நேரம் பார்த்துத்தான் அந்த வாசலுக்கு வந்தார்.

லயத்துச் சுவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் சொன்னது அன்று மாலைக்குள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் செல்விக்குப் பட்டமும் கிடைத்துவிட்டது: அக்கா மாத்திரையத் தின்னவ. அந்தப் பட்டத்தைக் கட்டியவன் நான்தான்.

அக்கா என்னிடம் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினார்: “ஒனக்குத் தெரியுமா, அதுனாலதான் வந்துச்சுன்னு? டொக்டர் சொன்னாங்களா? கணக்குல ரெண்டு வாட்டி பெயிலானவன் இந்தக் கணக்க மட்டும் எப்புடிடா போட்ட?”

நான் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டேன்.

எலும்பில் இருந்து துண்டெடுத்துப் பார்த்தார்கள். அதோடு, ஹோமோன் ஏற்பியின் பரம்பரையலகில், அதாவது மரபணுவில், மாற்றம் உண்டா என்று பார்க்க ஓர் ஆய்வுக்காக மாதிரி அனுப்பலாமா என்று டொக்டர் கேட்டார். முடிவு வந்தாலும் அக்காவுக்குப் பெரிதாக உதவும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னும் ஒரு படிவம், இன்னும் ஓர் ஊசி, இன்னும் ஒரு நாள். அதற்குள் அக்கா பேனாவைக் கேட்டு வாங்கிவிட்டார்.

“எதுனால வந்துச்சுன்னு அதுல தெரியுமா டொக்டர்?”

“கொஞ்சம் தெரியலாம் அம்மா.”

“அது போதும். எனக்கு ஒருத்தியோட பேரக் காப்பாத்தணும்.”

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. டொக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார், எனக்காக இரண்டு தடவை. அக்காவின் கட்டியில், ஏற்பியைச் செய்கிற பரம்பரையலகில் ஓரிடம் மாறிப்போயிருக்கிறது. இப்போது அந்த ஏற்பிக்கு ஹோமோன் வந்து செய்தி சொல்லத் தேவையில்லை. வராவிட்டாலும் வந்துவிட்டது போலவே வளரச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் மாத்திரை பிடிக்கவில்லை.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கவ்வாத்து வெட்டி, ஒரம் போடாம அடக்கி வெச்ச செடியில ஒரு கெள மட்டும் கேக்காமக் கொள்ளாமத் துளிர்க்குமே, அப்புடியா?”

“அப்படித்தான் அம்மா,” என்றார் டொக்டர். தேயிலையைப் பற்றி இதற்குள் அவருக்கும் நிறையத் தெரிந்துவிட்டிருந்தது.

“நாலு மாசம் பாதிப் பாதியாக் குடிச்சேனே. அதுனாலயா?”

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த நாலு மாதத்துக்குப் பங்கே இல்லை என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது, அது செய்திருக்கக் கூடாத வேலைதான் என்றார். ஆனால் இந்த மாதிரி மாற்றம் மாத்திரையை விட்டவர்களிடம் வருகிற ஒன்றல்ல. மாத்திரையை நெடுநாள் குடித்து, ஹோமோன் இல்லாமல் பட்டினி போட்ட கட்டிதான் பெரும்பாலும் இப்படி வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. “நீங்க பங்கு குடுத்ததால வந்ததுன்னு இந்த ரிப்போர்ட் சொல்லல்ல. ஒழுங்கா குடிச்சவங்களுக்கும் வாறதுதான்.”

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. தகப்பன் என்று ஒருவன் இருந்தால் அந்தக் கேள்வியும் இருக்கும். பரம்பரை என்ற சொல்லைக் கேட்டதில் இருந்தே எனக்கு அதே நினைப்புதான். மகளைக் கண்ணால் காட்டினேன்.

“இல்லை. இது பிறப்புல வந்தது இல்லை,” என்றார் டொக்டர். “கட்டிக்குள்ள மட்டும், பிறகு நடந்தது. மகளுக்குப் போகாது.” பிறக்கும்போதே அந்தப் பரம்பரையலகில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கின்றன, அவற்றையும் ஆராய்கிறார்கள், ஆனால் அதை மட்டும் வைத்து இவருக்கு வரும், அவருக்கு வராது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது என்றார். மார்பில் எந்த மாற்றம் கண்டாலும் தாமதிக்காமல் வந்து காட்டுங்கள், வேறொருவர் மாத்திரையை வாங்கிக் குடிக்காதீர்கள் என்றார். இதை இந்த மலரை வாசிக்கிற சகோதரிகளுக்காக எழுதுகிறேன். டொக்டர் எனக்குச் சொன்ன மாதிரி இரண்டு தடவை வாசியுங்கள்.

இங்கிலீசில் இருந்த அந்த ரிப்போர்ட்டையும் டொக்டர் சொன்னதையும் தர்ஷினி தமிழில் ஒரு தாளில் எழுதினாள். அக்கா அதை என் சட்டைப் பையில் தன் கையாலேயே வைத்தார்.

“போயி செல்விகிட்ட வாசிச்சுக் காட்டு.”

“நீயே சொல்லிரேன்க்கா.”

“நான் சொன்னா ஏதோ சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பா. சொன்ன வாயி ஒன் வாயி. அதுதான் திருப்பிச் சொல்லணும்.”

ஏழு வாரம் அந்தத் தாள் என் பையில் இருந்தது. முதலில் கோபம். அவர் கொடுத்ததும் தப்பு, இவர் வாங்கியதும் தப்பு, மன்னிப்பு மட்டும் நான் கேட்பதா? பிறகு கோபம் போய் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. செல்வியின் வாசல் வரை இரண்டு தடவை போனேன். ஒரு தடவை, வீட்டில் மல்லித்தூள் இருக்கா என்று கேட்டுவிட்டு வந்தேன். வாங்கி வந்த மல்லித்தூளை அக்கா பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைசி நாட்களில் பேசவே சிரமப்பட்டார். இருந்தும் என்னைக் கண்டால் கையைத் தூக்கி என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். தாள் இருக்கிறது என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுவார். நான் நாளைக்கு என்பேன். ஒரு நாள் அந்த நாளை வராமல் போய்விட்டது. மீதியைப் பாண்காரர் சொன்னார்.

சவ வீட்டுக்குக் கூட்டம் நிறைய வந்தது. அக்காவின் கையால் பேர் நிறைந்தவர்கள் மட்டுமே அந்த முற்றத்தை நிரப்பப் போதும். செல்வியை மட்டும் காணவில்லை. பக்கத்துக் காம்பராக் கதவு பூட்டியிருந்தது. கீழே பீலிக்கரையில், வேலியோடு ஒட்டி, சிவப்புத் துணி தலையில் கட்டி ஒருவர் நிற்பது தெரிந்தது. மேலே ஏறி வரவில்லை. இந்த வாசலில் தனக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும்.

பெட்டி எடுப்பதற்கு முன் இரங்கல் உரைகள் தொடங்கின. தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவர் அக்காவின் பெயரை மூன்று விதமாகச் சொல்லி, பாதையைக் கொங்கிரீட் போடுவது பற்றியும் பேசி, எப்படியோ முடித்தார். அடுத்து குடும்பத்தின் சார்பில் நன்றியுரை என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மைக் ஒலி கீழே பீலிக்கரை வரைக்கும் கேட்கும். அது எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது.

பையில் இருந்த தாளை எடுத்தேன். ஏழு வாரத்தில் மடிப்பெல்லாம் கிழிந்து, வியர்வையில் ஊறி, எழுத்து கலைந்திருந்தது. முதல் வரியில் இருந்து வாசித்தேன். ஹோமோன் ஏற்பி, பரம்பரையலகு, மாற்றம் எல்லாவற்றையும். முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “என்னா இவரு, மருந்துச் சீட்ட வாசிக்கிறாரு?” என்று கேட்டது மைக்கிலேயே விழுந்தது. சவ வீட்டில் லேப் ரிப்போர்ட் வாசித்த முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். கலைந்த இடங்களில் தடுமாறியபோது, தர்ஷினி எழுந்து வந்து பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள்.

வாசித்து முடித்ததும் சொன்னேன்: “செல்வியாலதான் அக்காவுக்கு நோய் திரும்பி வந்துச்சுன்னு நான்தான் சொன்னேன். அது தப்பு. தப்புன்னு தெரிஞ்சும் ஏழு வாரம் பையில போட்டு வெச்சிருந்தேன். தங்கச்சி, மேல வாம்மா.”

கூட்டம் முழுவதும் கீழே திரும்பிப் பார்த்தது. நேரம் போனது. பறை அடிப்பவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு சிவப்புத் துணி அசைந்தது.

அவர் நேரே படிக்கட்டில் வரவில்லை. ஓரத்துத் தேயிலை வழியாக, நிரைக்குள் நுழைந்து வந்தார். கை போகிற போக்கில் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே வந்தது. அவருக்கே அது தெரிந்ததோ என்னவோ. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது இரண்டு கையும் நிறைந்திருந்தன. யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் கைகளுக்குள் அந்தக் கொழுந்தை அள்ளி வைத்தார்.

“முழுப் பேரு, அக்கா,” என்றார்.

பெட்டியை மூடினோம். தேயிலை நிரைகளுக்கு நடுவே, விதைத் தேயிலை மலைக்குக் கீழே கொண்டுபோனோம்.

மறுநாள் காலை செல்வி எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தார். “அண்ணே, அந்த மல்லித்தூள் டப்பாவத் திருப்பித் தாங்க” என்றார். கொடுத்தேன்.

அக்கா, நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு நாளும் உங்களை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. இந்த மலருக்காகத்தான் இந்த மரியாதை, கூச்சமாக இருக்கிறது. தாளை வாசித்துவிட்டேன். தாமதம்தான். நேரத்துக்குச் செய்திருந்தால் நீங்களே நம்பியிருக்க மாட்டீர்கள். போய் வாருங்கள். போன இடத்திலும் யார் கூடையாவது குறைந்திருக்கும், உங்கள் கை சும்மா இருக்காது. அள்ளிப் போடுங்கள். கொழுந்தை மட்டும் போடுங்கள். மாத்திரை என்று எதையாவது எடுத்தீர்களோ, இங்கிருந்தே சத்தம் போடுவேன்.